பத்து தசம் ஒன்று

கணக்குக் கொப்பி என்னுடையது.
கெப் வண்டி அவருடைய பெயரில்.
லீசிங் இரண்டு பேர் தலையிலும்.

ஒன்பது தசம் எட்டு.
லீட்டருக்கு அவ்வளவுதான் ஓடும்
இந்த வெள்ளைக் கிழடு,
கந்தப்பொலையில் லீக்ஸ் ஏற்றி
கெப்பெட்டிபொலையில் இறக்கி
வெறும் பெட்டியோடு ஏறி வந்தால்.
மூன்று வருடமாக எழுதுகிறேன்.
மழையென்றால் ஒன்பதரை.
கரட் மூட்டை நனைந்திருந்தால் அதுவும் இல்லை.
டயருக்குக் காற்றடித்த வாரம்
ஒன்பது தசம் ஒன்பது வந்தது.
அதன் கீழ் சிவப்புக் கோடு இருக்கிறது.

மாசி விடியலில் புல் வெளுத்துக் கிடக்கும்.
திறப்பைத் திருகினால்
இருமும், இருமும், நின்றுவிடும்.
உள்ளே ஒயில் கித்துள் பாணியாய் இறுகியிருக்கும்.
"சிந்தெடிக் ஊத்திப் பாப்போமா, லோகேஸ்?"

ஏழு லீட்டர்.
விலை கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன்.
மகளின் டியூசன் இரண்டு மாதம் அது.
ஐயாயிரத்தில் மாற்றுவதைப்
பத்தாயிரத்தில் மாற்றலாம் என்றார்.
கொப்பியின் பின்னட்டையில் வகுத்துப் பார்த்தேன்.
கிட்ட வந்தது, ஆனாலும் இடித்தது.
"மிச்சத்த டீசல்ல புடிச்சிரலாம்."
தன் கையெழுத்தைப் போடுவதுபோலச் சொன்னார்.

பிடித்தார்.
முதல் வாரம் பத்து தசம் எட்டு.
அடுத்த வாரம் பதினொன்று.
சித்திரைக்கு முந்திய கிழமை
பதினொன்று தசம் ஆறு.
சிவப்புப் பேனாவில் மை முடிந்தது.

வெலிமடை நிஸ்தார் பாஸ்
கிரீஸ் விரலால் என் கொப்பியைத் தொடாமல்
குனிந்து மட்டும் வாசித்தார்.
"ஒயில் நல்ல ஒயில்தான் தங்கச்சி.
நூத்துக்கு ரெண்டு தரும், மூணு தரும்.
இது பதினெட்டு.
ஒயில் குடுத்ததில்ல இது."

லீசிங் கட்டப் போகும் நாளில்
நானும் முன்சீட்டில் ஏறினேன்.
பின்னால் ஆயிரத்து இருநூறு கிலோ முட்டைக்கோஸ்.
ஹக்கலை தாண்டி ரோட்டு தலைகுனிந்த இடத்தில்
திடீரென்று எனக்கு நீர்வீழ்ச்சி கேட்டது.
அதற்கு முன் ஒருநாளும்
அந்த ரோட்டில் தண்ணீர் கேட்டதில்லை.
காற்று கேட்டது. கயிறு முனகியது.
"என்னங்க, சத்தமே இல்ல?"
"புது ஒயில்" என்றார்,
என்னைப் பார்க்காமல்.

கியர்க்கம்பு நடுவில் நின்று
தளர்ந்த பல்லாய் ஆடிக்கொண்டிருந்தது.
டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு இரண்டு.
திறப்பு பாதி திரும்பியிருந்தது.
வளைவுக்கு வளைவு அவர் தோள் முழுவதும்
ஸ்டியரிங்கில் தொங்கியது.
பிரேக்கை மிதித்த கால் நடுங்கியதை
நான் கண்டுவிட்டதை
அவரும் கண்டார்.

கருகிய மணம் வெலிமடை வரை கூட வந்தது.

பிரேக் பட்டை: இரண்டு மாதத்தில் இரண்டு தரம்.
அதையும் நான்தான் எழுதியிருந்தேன்,
வேறு பக்கத்தில்.
ஒரே கொப்பிக்குள் கிடந்தும்
இரண்டு பக்கங்களும்
ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
லீசிங் ரசீதை மடித்து
அவர் சட்டைப்பையில் வைக்கும்போது மட்டும் சொன்னேன்:
"டியூசன் காசு போனா போகட்டும்.
இறக்கத்துல ரெண்டாம் கியர்."
தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து,
"நீ வாங்க விட்டியே, அதுக்குத்தான்" என்றார்.

இந்த வாரம் பத்து தசம் ஒன்று.
நிஸ்தார் பாஸ் சொன்ன மூன்று,
ஒரு சதம் கூட்டாமல் குறையாமல்.
விடியலில் ஒரே திருகலில் எழும்புகிறது வண்டி,
பக்கத்து லயத்துக் குழந்தை விழிப்பதற்குள்.
அதை எழுதக் கொப்பியில் நிரல் இல்லை.

பதினொன்று தசம் ஆறை வெட்டவில்லை.
பக்கத்தில் நீலப் பேனாவால்
சின்னதாக எழுதி வைத்திருக்கிறேன்:
இறக்கம்.